கோப்பையில் குமிழி இல்லை

அக்கா கணவன் இசிடோர், மூஸ் என்கிற பெரிய காட்டுமானின் மூக்கைக் கொண்டுவந்து அடுப்புப் பக்கத்தில் வைத்தபோதே மார்செலினுக்கு நெஞ்சில் முள் தைத்துவிட்டது. வேட்டையில் மூக்கு யாருக்குப் போகும் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வயதில் மூத்தவர்களுக்குப் போகும். கொழுந்தியாளுக்குப் போகாது.

"என்ன அத்தான், மூக்கைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க? அக்கா வீட்ட விட்டுத் தொரத்திட்டாளா?"

"உனக்குத்தான் எல்லாத்தையும் மோந்து பாக்குற வேலை குடுத்திருக்காங்களே. இருக்கிற மூக்கு பத்தலைன்னா ஒதவுமேன்னு கொண்டாந்தேன்."

இருவரும் சிரித்தார்கள். அவன் போன பிறகு அவள் அதை எடுத்துப்போய் முகாம் குடிசைக்கு வெளியே குளிரில் தொங்கவிட்டாள். சட்டியில் போடக் கை வரவில்லை.

இரட்டைத்தீவு ஏரிக்கரையில் இருக்கும் எரிவாயுக் கிணற்றை அவளுடைய அப்பா இளைஞனாக இருந்த காலத்தில் தோண்டினார்கள். தோண்டியவர்கள் கிணற்றின் வாயில் ஒரு இரும்பு மூடியைத் திருகிவிட்டுத் தெற்கே போனவர்கள்தான், திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது வேறொரு கம்பெனி அதை மூட வந்திருந்தது. உள்ளே சிமெண்ட் ஊற்றுவார்கள். வாயு நின்றதா என்று பார்ப்பார்கள். நின்றால் குழாயைத் தரைக்குக் கீழே வெட்டி, தகடு வைத்துப் பற்றவைத்து, மண்ணைத் தள்ளி, மேலே வில்லோ மரக் கொம்புகளை நட்டுவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு உள்ளே என்ன நடந்தாலும் கேட்க நாதி இருக்காது.

கூலியாட்கள், வண்டிகள், சமையல் எல்லாம் இசிடோர் எடுத்த ஒப்பந்தம். மேற்பார்வைக்குத் தெற்கிலிருந்து கர்ட் என்பவன் வந்திருந்தான். ஊர்ச் சபை தன் கண்ணாக மார்செலினை அனுப்பியிருந்தது. அவள் ரேடியோவில் "சரி" என்று சொல்லும்வரை வெட்டும் நெருப்பைப் பற்றவைக்கக் கூடாது என்பது பேச்சு.

அவளை அனுப்பக் காரணம் இருந்தது. அந்த ஏரியில் கிடப்பது அவள் வீட்டு வலை. போன இலையுதிர் காலத்தில் முதல் பனி கண்ணாடிபோல உறைந்தபோது, கிணற்றுப் பக்கக் கரையில் பனிக்குள் வெள்ளை வெள்ளையாகக் குமிழிகள் தட்டுத்தட்டாக அடுக்கி நின்றதை அவள்தான் பார்த்தாள். எதிர்க்கரையில் ஒன்றுகூட இல்லை. குப்புறப் படுத்து, கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, வெகுநேரம் பார்த்தாள். கீழே வெள்ளைமீன்கள் போய்க்கொண்டிருந்தன.

சோதனை எளிதானதுதான். கிணற்றின் பக்கவாயில் மெல்லிய ரப்பர் குழாயை மாட்டி, அதன் மறுநுனியை ஒரு கண்ணாடிக் கோப்பைக்குள் விடுவார்கள். தண்ணீர் உறைந்துவிடும் என்பதால், வண்டிக் கண்ணாடி கழுவுகிற நீலத் திரவம்தான் கோப்பையில் இருக்கும். வாயு வந்தால் குமிழி வரும். சிமெண்ட் ஊற்றுவதற்கு முன் அந்தக் கோப்பை உலைபோலக் கொதித்தது. ஊற்றி இறுகிய பிறகு ஒன்றிரண்டு வந்தது. பிறகு அதுவும் இல்லை.

"பாத்தீங்களா? மூச்சு நின்னு போச்சு," என்றான் கர்ட்.

அப்படிக் கொதித்தது இவ்வளவு மரியாதையாக அடங்கிவிடுமா? மார்செலினுக்கு நம்பிக்கை வரவில்லை. அதைவிட இசிடோர் செய்த ஒரு காரியம் அவளை உறுத்தியது. ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் அவன் ரப்பர் குழாயைக் கையில் எடுப்பான். அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்புவான். தோளைக் குறுக்குவான். இரண்டு முழங்கையும் அண்டங்காக்கை இறக்கை விரித்ததுபோல வெளியே வரும். சற்றுநேரம் அப்படியே நிற்பான். அவள் சுற்றிக்கொண்டு போய்ப் பார்ப்பதற்குள் குழாய் கோப்பைக்குள் இருக்கும். கர்ட் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பான்.

"அங்க என்ன பண்ணீங்க அத்தான்?"

"குழாயைச் சரி பண்ணேன்."

"எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டா?"

"உனக்குப் பயந்து இல்லம்மா, காத்துக்குப் பயந்து. உனக்குப் பயப்படுறதுக்கு வேற நேரம் வெச்சிருக்கேன்."

வேலையாட்கள் சிரித்தார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆட்கள் சிரித்தால் அவளுக்கு அடுத்த வார்த்தை வராது.

ஆனால் கண் மூடவில்லை. கர்ட்டும் இசிடோரும் வண்டிக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள், இவள் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். சாயங்காலம் ரேடியோவில் அக்கா ரோசலி கூப்பிட்டாள். ஊரே காதை வைத்துக்கொண்டிருக்கும் அந்த ரேடியோவில், "ஏண்டி, இன்னும் எத்தன நாள் கோப்பையவே மொறச்சுப் பாத்துக்கிட்டிருப்ப? பனி ரோடு இளக ஆரம்பிச்சிருச்சாம், அப்புறம் லாரி போகாது. இது முடிஞ்சாத்தான் உங்க அத்தானுக்கு அடுத்த கெணறு குடுப்பாங்க. சட்டுனு சொல்லித் தொலையேன்," என்றாள். அதோடு மூஸ் மூக்கு வேறு. விலை பேசுகிறார்கள் என்று மார்செலின் முடிவு கட்டிவிட்டாள். எதை மறைக்கிறார்கள் என்பதுதான் பிடிபடவில்லை.

மறுநாள் காலை சிமெண்ட் லாரி தெற்கே கிளம்பிப் போயிற்று. கர்ட் அவளிடம் வந்தான்.

"கடைசிச் சோதனையும் ஆச்சு. குமிழி இல்ல. மத்தியானம் நீங்க ரேடியோல சொல்லிட்டீங்கன்னா வெட்ட ஆரம்பிச்சிடலாம்."

"நான் வலையைப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

"இப்பவே சொல்லலாமே?"

"மீன் காத்திருக்காது."

உண்மையில் மீனைப் பார்க்கப் போகவில்லை, யோசிக்கப் போனாள். ஏரியின் நடுவில் அவளுடைய பனிவண்டி இருமியது, தடுமாறியது, நின்றேவிட்டது. திரும்பிப் பார்த்தால் பின்னால் இன்னொரு பனிவண்டி வந்துகொண்டிருந்தது. இசிடோர். தன்னைப் பின்தொடர்ந்துதான் வருகிறான்.

"எதுக்கு வந்தீங்க?"

"உன் வண்டி சத்தம் சரியில்ல. கெளம்பும்போதே தெரிஞ்சது. நீ நடந்து வந்தா உங்க அக்கா என்னைத் தோலுரிச்சுக் காயப்போட்டுருவா."

அவன் இயந்திரத்தின் மூடியைத் திறந்தான். பெட்ரோல் வரும் மெல்லிய குழாயைப் பிடுங்கினான். பிறகு காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். தோள் குறுகியது. இரண்டு முழங்கையும் வெளியே வந்தன.

மார்செலின் அசையாமல் பார்த்தாள். அதே முதுகு. அதே முழங்கை.

அவன் குழாயை வாயில் வைத்துக் கன்னம் உப்ப ஊதினான். பெட்ரோலைத் துப்பினான். "பனி அடைச்சிருக்கு, அவ்ளோதான்," என்றபடி குழாயை மாட்டிக் கயிற்றை இழுத்தான். வண்டி உறுமியது.

"அத்தான். கெணத்துக் குழாயையும் இப்படித்தான் ஊதுனீங்களா?"

"பின்ன? உள்ள பனி இருந்தா வாயு எப்படி வரும்? அப்புறம் ஏமாத்திட்டோம்னு நீதான கத்துவ. உனக்காகத்தான் ஒவ்வொரு தடவையும் நல்லா ஊதிவிட்டேன்."

அவள் அவன் மீசையைப் பார்த்தாள். மூச்சு விட்டு விட்டு அங்கே கெட்டியாக வெள்ளைப் பனி தொங்கியது. அவள் பார்ப்பதைப் பார்த்து அவனும் கையைத் தூக்கி மீசையைத் தடவினான். கை அப்படியே நின்றது. பனிவண்டியில் இயந்திரத்தின் சூடு உண்டு. ஊதிய ஈரம் உருகிப் போய்விடும். கிணற்றங்கரையில் சூடு என்று சொல்ல என்ன இருக்கிறது?

"ஐயையோ," என்றான் இசிடோர் மெதுவாக.

"அந்த மூக்கு?"

அவன் ஏரியைப் பார்த்தான். "அது... நீ சீக்கிரம் சரி சொல்லணும்னுதான். பொய் சொல்ல மாட்டேன். ஆனா குழாய் விஷயம் சத்தியமா தெரியாது கொழுந்தியா."

பாதியை ஒப்புக்கொண்டதால்தான் மீதியை அவளால் நம்ப முடிந்தது.

முகாமுக்கு வந்ததும் ரப்பர் குழாயைக் கழற்றி, கர்ட் என்ன என்ன என்று கேட்கக் கேட்க, அடுப்பருகே தொங்கவிட்டார்கள். வளைத்தபோது உள்ளே நறநறவென்றது. முதலில் ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் விரல் நீளத்துக்கு ஒரு பனித்துண்டு வழுக்கிக்கொண்டு வந்து தரையில் விழுந்து உடைந்தது.

அவள் குழாயை மேலங்கிக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு கிணற்றுக்கு நடந்தாள். மாட்டினாள். நுனியைக் கோப்பைக்குள் விட்டாள். நீலத் திரவம் அசங்காமல் இருந்தது. பிறகு ஒரு குமிழி மேலே வந்து உடைந்தது. பின்னால் இன்னொன்று. அப்புறம் மணி கோர்த்ததுபோல ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன.

கூலியாட்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

மார்செலின் நிமிர்ந்தாள். "கர்ட், இவர் ஊதறதை நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"ஒவ்வொரு தடவையும்?"

"ஆமா."

"ஏன் தடுக்கல?"

கர்ட் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டான். "மொத நாள் நெருப்புக்குப் பொகையிலையும் கறியும் போட்டீங்கல்ல? கும்பிட்டீங்க. நானும் தொப்பிய எடுத்துட்டு நின்னேன். இதுவும் அது மாதிரி உங்க வழக்கம்னு நெனச்சேன். குழாய்க்கு ஏதோ மந்திரம் சொல்றார்னு... தப்பா எடுத்துக்காதீங்க, அதுல தலையிடக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லித்தான் அனுப்பறாங்க."

இசிடோர் வாயைப் பிளந்தான். "நானா? மந்திரமா? நான் கோயிலுக்குப் போனாலே தூங்கிருவேன்யா!"

மார்செலின் கர்ட்டின் கண்ணையே பார்த்தாள். முதல் நாள் அவன் தொப்பியை எடுத்தது உண்மைதான். ஆனால் குளிர்நாட்டில் கிணறு கிணறாக அலைந்தவனுக்கு, ஊதினால் உறையும் என்பது தெரியாமலா இருக்கும்? அந்தக் கண்ணில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. குளிரில் நீர் கோத்திருந்தது. அவ்வளவுதான்.

அவள் ரேடியோவை எடுத்தாள். ஊர் முழுக்கக் கேட்கும் என்று தெரிந்தும் பொத்தானை அழுத்தினாள்.

"கெணறு அடங்கல," என்றாள். "குழாய்க்குள்ள பனி அடைச்சிருந்துச்சு. குமிழி வருது. வெட்டக் கூடாது."

ரேடியோ கரகரத்தது. அப்புறம் ரோசலியின் குரல். "பனி எப்படிடி உள்ள போச்சு?"

மார்செலின் அத்தானைப் பார்த்தாள். இசிடோர் அவள் கையிலிருந்து ரேடியோவை வாங்கினான். "உன் புருஷன் நான்தான் ஊதிவிட்டேன். போதுமா? வீட்டுக்கு வந்ததும் திட்டு, இப்ப ஊரு கேக்குது."

கம்பெனி சிமெண்ட் லாரியைப் பாதி வழியிலிருந்து திருப்பியது. பனி ரோடு முழுதாக இளகுவதற்குள் மறுபடி ஊற்றினார்கள். அது இறுகும்வரை மார்செலின் ரப்பர் குழாயைத் தன் உடம்பை விட்டு எடுக்கவில்லை. தூங்கும்போதும் மேலங்கிக்குள் வைத்துக்கொண்டாள். கர்ட் கொண்டுவந்து கொடுத்த தேநீரை, அவன் குடித்த பிறகு குடித்தாள். மூஸ் மூக்கை வேகவைத்து எல்லோருக்கும் பங்கு போட்டாள். கர்ட்டுக்கும் ஒரு துண்டு கொடுத்தாள்.

பிறகு சோதனை. சூடாக இருந்த குழாயை அவளே மாட்டினாள். எல்லோரும் கோப்பையைச் சுற்றி நின்றார்கள். இசிடோர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றான். நீலத் திரவம் அசையவில்லை. அது அசையாமலேயே இருந்தது.

கர்ட் நீண்ட மூச்சு விட்டான். "இப்பவாவது சரியா?"

அவள் குழாயைக் கழற்றி ஒளியில் பிடித்து ஒரு கண்ணால் உள்ளே பார்த்தாள். மறுபக்கம் ஏரி தெரிந்தது. குழாயைச் சுருட்டி மேலங்கிக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"சூடாகட்டும்," என்றாள். "இன்னொரு தடவை பாத்துடலாம்."