நாற்பத்தொன்றாம் மனை

மனை பார்க்க இலவச வேன், மதியச் சாப்பாடு உண்டு என்று பாப்பாரப்பட்டி சந்தையில் நோட்டீஸ் கொடுத்தவனிடம் மாது இரண்டு பேர் என்று எழுதிக்கொடுத்துவிட்டான். வாங்க வந்தவன்போலத் தெரிய வேண்டுமே என்று மகள் கல்யாணத்துச் சட்டையை மாட்டினான். தொப்பைக்கு மேலே பொத்தான் சேரவில்லை. போகட்டும், வசதிக்காரன் என்று நினைப்பார்கள்.

சூளை இருந்த இடத்தில் ஒரு செங்கல் துண்டுகூடக் கிடையாது. வெள்ளையடித்த கற்களில் நம்பர் போட்டு நட்டிருந்தார்கள். பதினோரு வருஷம் அவன் மண் குழைத்துச் செங்கல் அறுத்த இடம். மிச்சம் ரோட்டோரப் புளியமரம்தான்.

அவன் மனைவி சாலம்மாள் மரத்தில் முதுகை வைத்து நின்றாள். பிறகு கிழக்கே அடிமேல் அடி வைத்து நடந்தாள். வாய் எண்ணிக்கொண்டே போனது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பு, ஏழு நாள் பிள்ளையைப் புதைத்துவிட்டு இப்படித்தான் எண்ணிக்கொண்டு மரத்துக்குத் திரும்பினாள். அறுபத்து மூன்று.

நாற்பத்தொன்றாம் நம்பர் கல்லருகே நின்றாள்.

"சூப்பர் செலக்சன்மா. கார்னர் மனை," என்றான் கம்பெனி ஆள் சந்திரமோகன்.

"பழைய மண்ணுதானே தம்பி?"

"இல்லீங்கம்மா. சூளைக்காரங்க வெட்டி இங்க பதினஞ்சடி பள்ளமுங்க. லாரி மண்ணு கொட்டி நெரவியிருக்கோம். தைரியமா வூடு கட்டலாம்."

மாது புளியமரத்தைப் பார்த்தான். பிறகு மகளைப் பெற சாலம்மாள் தாய்வீடு போயிருந்தபோதுதான் மேஸ்திரி இந்தப் பக்கம் மண் வெட்டச் சொன்னார். இவன் வயிற்றுவலி என்று இரண்டு நாள் படுத்துக்கொண்டான். மூன்றாம் நாள் எழுந்துபோய், குவித்திருந்த மண்ணில் கல் அறுத்தான். அவளிடம் சொல்ல நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தான். எந்தக் காலண்டரிலும் அப்படியொரு நாள் போடவில்லை.

"அந்த மண்ணு எங்கங்க போச்சு?" மாதுவைப் பார்த்துக் கேட்டாள்.

எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிற வாய். மாது சேராத பொத்தானை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"பள்ளிக்கூடத்துச் செவுத்துக்கு. வர்ற வழியில பாத்தமே, அதுக்கு."

"நீங்க அறுத்த கல்லா?"

"ம்."

புளிசாதப் பொட்டலம் வந்தது. சாலம்மாள் ஒரு பருக்கை விடாமல் தின்றாள்.

"அட்வான்ஸ் போட்டுடலாங்களாம்மா?"

"யோசிச்சுச் சொல்றோம். ஊறுகா வெக்கலியே தம்பி?"

திரும்பும்போது வேனில் அவனை நகரச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்து வேகத்தடையில் வேன் மெதுவானது. ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லை. பூசாத செங்கல் சுவரில் ஒரு ஆடு முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"எந்தப் பக்கம்?"

அவனுக்குத் தெரியவில்லை. அவள் வாய் சுவரின் கற்களை மறுபடி எண்ணத் தொடங்கியிருந்தது. வேன் வளைவில் திரும்ப, அவள் கழுத்தும் பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டே போனது.