படம் நின்ற தெரு

வலது கை வந்துவிட்டது. இடது கையில்தான் சட்டை சிக்கிக்கொண்டு வர மறுத்தது. யுவராணி அப்பாவின் தோளைத் தூக்கிப் பார்த்தாள், முழங்கையை மடக்கிப் பார்த்தாள். ஒரு வாரமாக ஒற்றைக் கையால் தாங்கி நடத்திக்கொண்டு போன மனிதருக்கு இப்போது எங்கிருந்து இத்தனை கனம் வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. எதற்காகச் சட்டையைக் கழற்றுகிறோம் என்பதும் புரியவில்லை. யாரும் கழற்றச் சொல்லவில்லை.

"விடு யுவா," என்றாள் அம்மா காவேரி. ரேஷன் கடையிலிருந்து ஓடி வந்தவள் சர்க்கரைப் பையைக்கூடக் கீழே வைக்காமல் கட்டிலோரம் நின்றிருந்தாள். "அவரே போட்டுக்கிட்டதுதான. இருக்கட்டும்."

யுவராணி கையைத் திரும்ப நுழைத்து, பொத்தான்களை மாட்டிவிட்டாள். எந்தப் பொத்தான் எந்தத் துளையில் போகிறது என்று அவள் பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டை அது. அப்பா கோவிந்தன் அதைத் துக்க வீடுகளுக்கு மட்டும்தான் போடுவார். கல்யாணத்துக்குக்கூடக் கட்டம் போட்ட சட்டையில் போய் நிற்பவர்.

காலையில் சித்தேரி மலைப் பக்கமிருந்து மழை இறங்கியிருந்தது. மொட்டைமாடியில் தம்பி குரு கேபிளுக்குப் பதிலாக மாட்டிவைத்த சின்னக் குடை ஆன்டெனாவுக்கு மழை என்றாலே ஆகாது. டிவியில் ஓடிக்கொண்டிருந்த படம் உறைந்து, பிறகு சிக்னல் இல்லை என்று எழுத்து வந்து நின்றது. கோவிந்தன் எழுந்து உட்கார்ந்து, "யாரு?" என்று கேட்டார்.

வாசலில் யாரோ வந்திருப்பதாக நினைத்து யுவராணி எட்டிப் பார்த்தாள். "யாருமில்லப்பா."

"யாரு போயிட்டாங்கன்னு கேக்கறேன்."

"யாரும் போவலப்பா. மழ பேயுது."

"யாரும் போவாம எப்படி நிக்கும்?"

அதட்டிக் கேட்கவில்லை. வழி தவறியவர் விலாசம் விசாரிக்கிற மாதிரி கேட்டார். பிறகு தானே பீரோவைத் திறந்து வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று மட்டும் சொல் என்றார். எங்கேயும் போக வேண்டாம், யாரும் சாகவில்லை, படுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் கஞ்சி வைக்க உள்ளே போனாள். கஞ்சியோடு வந்தபோது அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. டிவியில் படம் திரும்ப வந்து யாரோ ஒருத்தி மசாலாத் தூள் பாக்கெட்டைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நடந்ததைக் கேட்ட காவேரி அழவில்லை. "ஏதாவது ஒரு பேரச் சொல்லியிருக்கலாமில்ல," என்றாள்.

அவள் அப்படித்தான் சமாளித்து வந்திருக்கிறாள். புத்தி தடுமாற ஆரம்பித்த பிறகு, மழைக்குப் படம் நிற்கும்போதெல்லாம் அவர் யாரு என்று கேட்பார். இவள் என்றைக்கோ செத்துப்போன யாராவது ஒருத்தர் பெயரைச் சொல்வாள். டெய்லர், டீக்கடைக்காரர், பால் சொசைட்டிக்காரர் என்று எல்லாரும் இந்த வீட்டில் பல தடவை செத்திருக்கிறார்கள். நல்ல மனுசன் என்பார் கோவிந்தன். பிறகு படுத்துக்கொள்வார். இதையெல்லாம் சேலத்தில் வாழ்க்கைப்பட்ட மகளிடம் யார் போனில் சொல்வார்கள்? அம்மாவும் சொல்லவில்லை. பார்த்துக்கொள்ள வந்தவளுக்கு எந்த மாத்திரை எப்போது என்பதுதான் தெரியும்.

பாப்பிரெட்டிப்பட்டியில் முதன்முதலில் டிஷ் வைத்து ஆகாயத்திலிருந்து டிவிக்குப் படம் இறக்கியது கோவிந்தனும், பஸ் ஸ்டாண்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ஹபீபும்தான். மஞ்சள் மூட்டை ஏற்றிக்கொண்டு போன லாரி திரும்பி வரும்போது சேலத்திலிருந்து அந்தப் பெரிய டிஷ்ஷைத் துண்டு துண்டாகக் கொண்டு வந்தது. மாடியில் கோவிந்தன் அதைத் திருப்ப, கீழே டிவிக்கு முன்னால் ஹபீப் "வருது, வருது, போச்சு" என்று கத்த, ஒரு பகல் முழுக்க அதிலேயே போயிற்று. பின் தெரு செல்லி வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, இதில் மரவள்ளிச் சிப்ஸ் காயப் போடலாமா என்று கேட்டாள். இருட்டும் நேரத்தில் படம் வந்தது. வந்தது இந்தி. தெருவே கூடத்தில் உட்கார்ந்திருந்தது, ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை.

செல்லிக்கு மட்டும் புரிந்தது. சின்ன வயதில் ஒரு காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டன அவளுக்கு. எந்தப் பாஷையானாலும் ஒன்றுதான். முகத்தைப் பார்த்தே கதையைச் சொல்லிவிடுவாள். இவன் கட்டினவளை ஏமாற்றுகிறான், அந்தக் கிழவிக்கு எல்லாம் தெரியும், ஆனால் சொல்ல மாட்டாள் என்று காது கேளாதவர்களின் உரத்த குரலில் அவள் சொல்லச் சொல்ல, தெரு வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். மறுநாள் கதையும் அப்படியே போகும். சிறுமி யுவராணி அவள் மடியோரம் உட்கார்ந்து முந்தானையை இழுத்து, "என்ன சொல்றான்? இப்ப என்ன சொல்றான்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். தமிழ் சேனல்கள் வந்த பிறகு செல்லியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கோவிந்தன் மட்டும் அவள் வீட்டுக்கு ஒரு வயர் இழுத்துவிட்டு, எதுவும் வாங்கிக்கொள்ளாமல் விட்டுவிட்டார்.

அந்த டிஷ்ஷிலிருந்து தெருத் தெருவாகக் கேபிள் லைன் இழுத்து அவர் தொழில் நடத்த ஆரம்பித்த பிறகுதான் அந்த வழக்கம் வந்தது. எந்தத் தெருவில் யார் செத்தாலும், பிணம் எடுக்கிறவரைக்கும் கோவிந்தன் லைனை நிறுத்திவிடுவார். டிவியில் புள்ளி புள்ளியாக வந்தால் ஜனங்கள் வாசலுக்கு வந்து யாரு என்று கேட்பார்கள். பறைச் சத்தம் கேட்பதற்கு முன்னாலேயே சேதி போய்விடும். ஒரு முறை கிரிக்கெட் பைனல் அன்று, முறுக்கு விற்கிற ஒரு அம்மாவுக்காக லைனை நிறுத்தினார். பையன்கள் வந்து சண்டை போட்டார்கள். அவர் கேபிள் கடைக் கதவைச் சாத்திவிட்டு, வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் யுவராணிக்கு ஏக மரியாதை, கொஞ்சம் திட்டும் கூட.

மத்தியானத்துக்குள் சாமியானா போட்டு, கண்ணாடிப் பெட்டி வந்து, பறை அடிக்கிறவர்களும் வந்துவிட்டார்கள். குரு ஓசூரிலிருந்து வந்து சேர்ந்து, ஒரு காதில் போனும் ஒரு கையில் மாலையுமாக அலைந்தான். மழை விட்டு வெயில் அடித்தது. பறை ஓய்ந்த நேரத்தில் எதிர் வீட்டிலிருந்து டிவி சத்தம் கேட்டது. சீரியலில் யாரோ ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். நன்றாகவே அழுதாள். யுவராணியால் அப்படி அழ முடியவில்லை. காலையிலிருந்து போனில் விசாரிக்கிறவர்களிடம், ஆமாங்க, ஆமாங்க என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா செத்துப்போய்விட்டார் என்ற வார்த்தை அவள் வாயில் இன்னும் வரவில்லை. யாரும் போகவில்லை என்று காலையில் அவரிடமே சொன்ன வாய் அது.

லைன் நிற்க வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஊருக்கெல்லாம் நிறுத்தினவருக்கு ஒரு நாள் நிற்க வேண்டாமா? குருவிடம் போய்ச் சொன்னாள்.

"அக்கா, இப்ப யாரு கேபிள் பாக்கறாங்க? எல்லாம் போன்லதான் பாக்கறாங்க. நம்ம வூட்லயே குடைதான இருக்குது," என்றான் அவன். அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

ஹபீப் பந்தலின் கடைசி நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மிச்சமிருக்கிற லைனை அவர்தான் இப்போதும் பார்த்துக்கொள்கிறார். யுவராணி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். சிக்னல் இப்போது எங்கிருந்தோ வருகிறது, நம் கையில் இல்லை, அதைக் கூட்டி வீடுகளுக்கு அனுப்புகிற தெருமுனைப் பெட்டிக்குக் கடையிலிருந்து போகிற கரண்ட் மட்டும்தான் நம்முடையது, நிறுத்தினால் கம்பெனிக்காரன் கேள்வி கேட்பான் என்றெல்லாம் சொல்லிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றையும் சொன்னார்.

"மொத தடவ நிறுத்தணும்னு நிறுத்தல பாப்பா. அன்னிக்கு மலைக் குரங்கு ஒண்ணு வயரப் பிடுங்கிடுச்சு. நானும் உங்கப்பனும் மாடியில வேர்த்து ஊத்திக்கிட்டு அதத் தேடிக்கிட்டு இருந்தோம். அதே நேரத்துல பெரிய பண்ணை அர்ச்சுனன் செத்துப்போயிருக்காரு, எங்களுக்குத் தெரியாது. அவரு பசங்க வந்து கீழ நின்னு கையெடுத்துக் கும்பிடறாங்க. எங்கப்பாவுக்காக லைனையே நிறுத்திட்டீங்களேன்னு அழுவறாங்க. உங்கப்பன் ஸ்குரூ டிரைவர முதுகுப் பக்கம் மறைச்சுக்கிட்டான்."

யுவராணிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் கண்ணும் கலங்கியது. எது எதற்காக என்று பிரிக்க முடியவில்லை. இத்தனை வருசம் அப்பாவின் பெருமை என்று அவள் புகுந்த வீட்டில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது ஒரு குரங்கின் வேலையா?

"அப்ப அதெல்லாம் பொய்யா மாமா?"

"மொத நாளு குரங்கு," என்றார் ஹபீப். "அடுத்த மாசமே காலனில ஒருத்தரு செத்தாரு. யாரும் கேக்கல. பண்ணைக்கு நின்னுது, இவருக்கு நிக்கலன்னா நல்லாருக்காது ஹபீபுன்னு அவனே போயி நிறுத்தினான். அதுல இருந்து எல்லாம் உங்கப்பன்தான்."

தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் மெதுவாக நடந்தார். நிறுத்தப் போகிறாரா, டீ குடிக்கப் போகிறாரா என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அவள் வாசலில் நின்று காத்திருந்தாள். எதிர் வீட்டு டிவி நிற்கவில்லை. பக்கத்து மாடியில் ஒரு போனில் பாட்டு ஓடியது, அதுவும் நிற்கவில்லை. ஹபீப் திரும்பி வந்து அவளைப் பார்த்துத் தலையசைத்தார். கடையில் அந்தப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டாராம். எதிர் வீட்டிலும் குடைதான் என்று பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தெருவில் ஒரு கதவு திறக்கவில்லை. ஒருத்தரும் வெளியே வந்து யாரு என்று கேட்கவில்லை. தான் எதிர்பார்த்தது என்ன என்று அவளுக்கே இப்போது சரியாகத் தெரியவில்லை. அழுகைக்குப் பதிலாக வெட்கமாக இருந்தது.

குளிப்பாட்டி எடுக்க வேண்டியதுதான், பொழுது சாயப் போகிறது என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். கண்ணாடிப் பெட்டியின் மூடியைத் தூக்கி வைத்தார்கள். தண்ணீர்க் குடம் வந்தது. பறை ஓங்கி ஒலித்தது.

அப்போதுதான் பின் தெருச் சந்திலிருந்து செல்லி வந்தாள். நரைத்த தலைமுடி அள்ளிச் செருகாமல் கிடந்தது. கையில் டிவி ரிமோட் இருந்தது. இத்தனை பறைச் சத்தத்துக்கும் வராதவள். அது அவளுக்குக் கேட்டால்தானே. நேராக யுவராணியிடம் வந்து நின்றாள்.

"யாரும்மா?" என்று அந்தப் பழைய உரத்த குரலில் கேட்டாள். "கோவிந்தன் லைன நிறுத்திட்டான். யாரு போயிட்டாங்க?"

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காவேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யுவராணி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. செல்லிக்குச் சத்தம் தேவையும் இல்லை. அப்பா என்று உதடு அசைந்ததை அவள் பார்த்துக்கொண்டாள்.

செல்லி தலையாட்டினாள். பந்தலைக் கடந்து உள்ளே போய்ப் பெட்டியின் அருகே நின்றாள். அழவில்லை. கோவிந்தனின் முகத்தையே பார்த்தாள். அந்த நாட்களில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து பார்ப்பாளே, அதே பார்வை. குடம் தூக்கியவர்கள்கூடத் தாமதித்தார்கள். யுவராணி அவள் பின்னால் போய் நின்று, தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே முந்தானையைப் பிடித்து இழுத்தாள். செல்லி திரும்பினாள்.

"என்ன சொல்றாரு?" என்று கேட்டாள் யுவராணி.

செல்லி மறுபடி ஒரு தரம் அந்த முகத்தைப் பார்த்தாள்.

"அவன் ஒண்ணும் கேக்கல," என்றாள். "கெளம்பிட்டான்."

பிறகு சட்டையைப் பார்த்தவள், பொத்தான் மாறியிருக்கிறது என்று முணுமுணுத்தாள். கழற்றப் போகிற சட்டைதானே என்று யாரோ சொன்னார்கள். அது அவள் காதில் விழவில்லை. ரிமோட்டை யுவராணியிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து, மேலிருந்து ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றி, அதனதன் துளையில் மாட்ட ஆரம்பித்தாள். யுவராணி ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பழைய ரிமோட். பின் மூடி இல்லாமல் பேட்டரி விழாதபடி ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது. வெகு நேரம் கையிலேயே வைத்திருந்திருப்பாள் போலிருக்கிறது, அது இன்னும் சூடாக இருந்தது.