உடைய வேண்டிய கூடை

கூடை உடையவில்லை என்று ஒருவர் என்னிடம் குறை சொல்வார் என்று நான் கனவில்கூட நினைத்ததில்லை. சொன்னவர் சினிமா ஆர்ட் டைரக்டர் கிரண்குமார். சந்திரகிரிப் பக்கம் ஒரு மாந்தோப்பில் இருநூறு வருஷத்துக்கு முந்தின சந்தையை செட் போட்டு, எங்களிடம் அறுபது மூங்கில் கூடை கேட்டிருந்தார். நானும் என் வீட்டுக்காரர் கேசவனும் கங்காதர நெல்லூரிலிருந்து டெம்போவில் மூங்கிலோடு வந்து, அங்கேயே தங்கிப் பின்னினோம். ஐம்பத்தொன்பது கூடைக்கு ஒரு சொல் வரவில்லை. அறுபதாவதுதான் என் உயிரை எடுத்தது.

அதில் மாங்காயை நிரப்பி, கதாநாயகி தலையில் வைத்துக்கொண்டு பத்தடி நடப்பாராம். குதிரை குறுக்கே வரும். கூடை விழுந்து நார் நாராகச் சிதற வேண்டும். அதற்காகப் பின்னின முதல் கூடையைப் போட்டுப் பார்த்தார்கள். உருண்டுபோய் நின்றது. இரண்டாவதைத் தளர்த்திப் பின்னப் பார்த்தேன். கை கேட்டால்தானே? அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. இது காலில் விழுந்தால் நேராகப் புத்தூருக்குத்தான் எலும்பு ஒட்டப் போகணும் என்று லைட்காரர்கள் சிரித்தார்கள். கிரண்குமார் கத்தியால் விளிம்பை அங்கங்கே அறுத்துப் பார்த்தார். மாங்காயை நிரப்பித் தூக்கும்போதே அடி கழன்றுவிட்டது.

காலைக்குள் உடைகிற கூடை வராவிட்டால், அடுத்த ஷெட்யூலுக்கான இருநூறு கூடையையும் ஹைதராபாத் ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த இருநூறை நம்பி எங்கள் தெருவில் எட்டு வீட்டுக்கு வேலை உண்டு என்று சொல்லி வைத்திருந்தேன். நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

அப்போதுதான் பொறி தட்டியது. என் வீட்டுக்காரர் விளிம்பு கட்டினால் கட்டெல்லாம் கோணலாக விழும். என் பிறந்த வீட்டில் கட்டு நேராக இறங்கும். கோணல் கட்டு நிற்காது என்பது என் நினைப்பு, கண்ணால் பார்த்தாலே எனக்கு ஆகாது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக அவர் கட்டின விளிம்பையெல்லாம் அவிழ்த்து நான்தான் திரும்பக் கட்டுகிறேன். திட்டிக்கொண்டேதான் கட்டுவேன். மனுஷன் ஒரு வார்த்தை பதில் பேச மாட்டார். இப்படி ஒரு கையை வீட்டிலேயே வைத்துக்கொண்டு உடையாத கூடைக்கு நான் எதற்குக் கவலைப்பட வேண்டும்?

"யோவ், இத நீயே முழுசா கட்டு. நான் தொடவே மாட்டேன்" என்றேன். கிரண்குமாரிடமும் போய், இவர் கட்டினது பத்தடிதான் தாங்கும், அதற்கு மேல் நிற்காது, வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்று அடித்துச் சொன்னேன். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். கேசவனும் கேட்டார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூங்கில் பட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை கேமரா ஓடியது. அந்தப் பெண் பத்தடி நடந்தாள். குதிரை வந்தது. கூடை விழுந்தது. மாங்காய்கள் நாலு பக்கமும் ஓடின. கூடை மட்டும் ஒரு குதி குதித்து, குதிரையின் வயிற்றுக்கு அடியில் புகுந்து, சந்தை நடுவில் போய் வாய் மேலாக உட்கார்ந்துகொண்டது. குதிரை மிரண்டு பக்கவாட்டில் துள்ளியது.

நான் ஓடிப்போய் அதை எடுத்தேன். விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்த்தேன். நகத்தால் நெம்பினேன், பல்லால் இழுத்தேன். ஒரு கட்டுகூட அசையவில்லை. இருநூறு கூடை போச்சு, எட்டு வீட்டுக்கு என்ன பதில் சொல்வேன் என்று தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் படத்தின் டைரக்டர் கை தட்டினார். கூடை குதிரைக்கு அடியில் ஓடினது கேட்டாலும் கிடைக்காத ஷாட், உடையவே வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்றார். கிரண்குமார் என்னிடம் வந்து, இருநூறும் உங்களுக்குத்தான், ஆனால் விளிம்பை எல்லாம் இவரே கட்டட்டும் என்று சிரித்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே வெட்கமும் பிடுங்கித் தின்றது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளாவது அவர் கட்டை இழுத்துப் பார்த்தேனா?

மதியம் மாமரத்தடியில் சாப்பிடும்போது கேட்டேவிட்டேன்.

"தப்பு என்னுதுதான்யா. உன் கட்டு கல்லு மாதிரி கீது. இத்தினி வருசமா ஏன் வாயத் தொறக்கல?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "கூட முடிஞ்சா நீ தூக்கிக்கினு சந்தைக்குப் போயிடுவ. விளிம்ப அவுத்துக் கட்டறப்பதான் அரமணி நேரம் எம் பக்கத்துல உக்காந்துகினு இருப்ப."

என் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து அவர் தட்டில் வைத்தேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

சாயங்காலம் டெம்போ கிளம்பியது. டிரைவர் எனக்காக முன் சீட்டைத் துடைத்து வைத்திருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறி, மிச்ச மூங்கிலை ஒதுக்கித் தள்ளி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கங்காதர நெல்லூர் வருகிறவரை அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.