கர்னல் சொன்னதும் அறுபதாம் படியும்

"நீ எழுதினது நெசமா தம்பி?"

"கர்னல் துரை சொன்னதுதானுங்க ஆத்தா."

"அதை நான் கேக்குலே. நெசமான்னு கேட்டேன்."

திருச்செங்கோட்டுச் சந்தையில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே பாவாயி அர்த்தநாரியின் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். அவளுடைய மறு கையில் நாலாக மடித்த பத்திரிகை. அவளுக்கு எழுத்துத் தெரியாது. இளையவன் நாச்சிமுத்துதான் படித்துக் காட்டியிருந்தான். அவனும் பக்கத்தில் நின்றான். பட்டாளத்து உடுப்பை ஏற்கனவே போட்டுக்கொண்டவன்போல நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

அர்த்தநாரி, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அச்சாகும் வாரப் பத்திரிகைக்கு நிருபர். எந்தத் தளபதி எந்தப் பக்கம் படையை நகர்த்தினார், எந்தக் கோட்டை நிற்கிறது, எது விழுந்தது என்று அவர் எழுதுவதை வைத்துத்தான் அந்தப் பக்கத்து ஊர்கள் சண்டையைப் பற்றிப் பேசிக்கொண்டன. போன வாரம் நாமக்கல்லுக்கு ஆள் சேர்க்க ஒரு கர்னல் வந்தார். மைதானத்தில் மேசைமேல் ஏறி நின்று பேசினார். இந்த ஜில்லாவில் சேரும் பிள்ளைகள் பாலங்களையும் அணைகளையும் காவல் காப்பார்கள், மாகாணத்தை விட்டு வெளியே போகமாட்டார்கள் என்றார். அது அப்படியே பத்திரிகையில் வந்தது, பெரிய எழுத்தில்.

வராதது ஒன்று இருந்தது. கூட்டம் கலைந்த பிறகு, பயணியர் பங்களா வாசலில் அர்த்தநாரி கர்னலை மடக்கி, "இதை அரசாங்க உத்தரவாகவே எழுதலாமா?" என்று கேட்டார். கர்னல் சுருட்டைக் கையிலெடுத்துக்கொண்டு சிரித்தார். "யாரை எங்கே அனுப்புவது என்று டில்லியில் முடிவாகும். பர்மா எல்லைக்கு ஆள் போதவில்லை. இவர்களும் அங்கேதான் போவார்கள். இதை எழுதிவிடாதே."

ஆசிரியர் சின்னண்ணனிடம் அர்த்தநாரி இதையும் சொன்னார். "எழுதலாமே! பாதுகாப்புச் சட்டத்துல பிரஸ்ஸுக்குப் பூட்டு உழும். அப்புறம் நீயும் நானும் வேலூர் ஜெயில்ல ஒக்காந்து, களி எப்படி இருக்குதுன்னு எழுதலாம்" என்றார் சின்னண்ணன். அதோடு சரி.

"என்ன தம்பி, பேச்சையே காணோம்?" என்றாள் பாவாயி. "சிங்கப்பூர்க் கோட்டையை ஒருத்தனாலும் அசைக்க முடியாதுன்னு எழுதினதும் நீதானே? அதையும் ஒரு துரைதானே சொன்னான்?"

அர்த்தநாரி தலையைக் குனிந்துகொண்டார். அவளுடைய மூத்தவன் மயில்சாமி பட்டாளத்தில் சேர்ந்துபோய் அந்தச் சிங்கப்பூரில்தான் இருந்தான். கோட்டை விழுந்த நாளிலிருந்து அவன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியவில்லை.

"அம்மா, சந்தையில நின்னுக்கிட்டு என்னம்மா இது?" என்றான் நாச்சிமுத்து. "கெணத்துல தண்ணியில்லே, காட்டுல வெள்ளாமையில்லே. பாலத்துக்குக் காவல் நிக்கிறதுல என்ன வந்துரும்? நான் போறேன்."

"போ, ஆரு வேண்டாம்னா? ஒருத்தனைப் பேப்பரை நம்பி அனுப்பிட்டு வாசலைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கறேன். ரெண்டாமவனை அறுபதாம் படியை நம்பித்தான் அனுப்புவேன். ஏறு தம்பி மலையை. சாமி பேரை வெச்சிருக்கறயல்லோ, அந்தச் சாமி படியிலே நின்னு சொல்லு."

திருச்செங்கோட்டு மலையின் அறுபதாம் படியில் பொய்ச் சத்தியம் செய்து நன்றாக வாழ்ந்தவர் இல்லை என்பது அந்தச் சீமையில் எல்லாருக்கும் தெரியும். கோர்ட்டில் இழுபட்ட வரப்புத் தகராறுகூட அங்கே ஒரே நாளில் தீர்ந்துபோகும். மாட்டேன் என்று சொல்ல அர்த்தநாரிக்கு வாய் வரவில்லை. மாட்டேன் என்றால் அதுவே பதிலாகிவிடும். இதற்குள் வேடிக்கை பார்க்கப் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். அவர்களும் பின்னாலேயே ஏறினார்கள்.

ஏறும்போது அவர் மனம் சொற்களைப் பொறுக்கிக்கொண்டே வந்தது. கர்னல் அப்படிப் பேசினார். பேசியது உண்மை. அதை மட்டும் சொன்னால் எந்தச் சாமியும் கண்ணைக் குத்தாது.

படியில் பாவாயி சூடத்தை ஏற்றினாள். சத்தியம் கேட்டவள் என்ற முறையில் முதலில் தன் கையை அதன்மேல் காட்டினாள்.

"இவரு சத்தியம் பண்ணினா எம் பையனைப் பட்டாளத்துக்கு அனுப்பறேன். பேச்சு மாற மாட்டேன். இது எஞ் சத்தியம்."

அர்த்தநாரி நெருப்பைப் பார்த்தார்.

"பாலத்துக்கும் அணைக்கும்தான் காவல்னு நாமக்கல் மைதானத்துல கர்னல் துரை சொன்னாரு. நான் எங் காதால கேட்டேன். இது சத்தியம்."

கையால் சூடத்தை அணைத்தார். கூட்டத்தில் யாரோ "அவ்வளவுதானப்பா, முடிஞ்சுது" என்றார்கள். பாவாயி நெடுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள். மடியிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து மகன் நெற்றியில் பூசினாள். அந்த விரல்கள் அவனுடைய புருவத்தைத் தடவியதைப் பார்த்ததும் அர்த்தநாரி ஓரடி முன்னால் வந்தார்.

"ஆத்தா, கொஞ்சம் இருங்க."

"என்ன சாமி?"

"அனுப்பாதீங்க."

பாவாயியின் கை மகன் நெற்றியிலேயே நின்றுவிட்டது. அவர் குரலைத் தாழ்த்தி, பங்களா வாசலில் கேட்டதைச் சொன்னார். பர்மா என்றதும் நாச்சிமுத்துவின் முகம் வெளுத்துவிட்டது.

"அப்பொ இப்பப் பண்ணினது?" என்றான் அவன்.

"அவரு சொன்னாருங்கறது நெசந்தான் நாச்சிமுத்து."

"வக்கீல் சத்தியமா!" என்றான் பையன். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "அம்மா, நான் போகுலேம்மா. பாலமுன்னு நெனச்சேன். பர்மாவுக்கு நான் போகுலே."

பாவாயி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதைச் சூடம் ஏத்தறதுக்கு முந்திச் சொல்லியிருக்கக் கூடாதா தம்பி? ஒரு வார்த்தை முந்தி?"

"தப்புத்தானுங்க. உங்க சத்தியத்தை விட்டுருங்க. பாவம் எனக்கு வரட்டும்."

"உனக்கு எப்படி வரும்? கை காட்டினது நானு. நான் பேச்சு மாறினா அது ஆரைப் புடிக்கும்? அங்கே கண் காணாத சீமையிலே கெடக்கறானே, அவனைப் புடிக்கும். அவன் உசுரோட இருக்கறான்னு நெனச்சுத்தானே நான் சோறு திங்கறேன்?" அவள் நாச்சிமுத்துவைப் பார்த்தாள். பார்வை அவன் முகத்தில் நிற்காமல் வழுக்கிக் கீழே போயிற்று. "மூத்தவனைக் கொல்லட்டுமா, இளையவனை அனுப்பட்டுமா? நீதான் படிச்சவனாச்சே தம்பி, சொல்லு."

நாச்சிமுத்து அம்மாவின் அருகே குனிந்தான்.

"எந்திரிங்கம்மா" என்றான். "அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாது. எந்திரிங்க, போலாம்."

போகிறேன் என்றோ மாட்டேன் என்றோ அவன் சொல்லவில்லை. அவள் கேட்கவுமில்லை. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

அர்த்தநாரி பின்னால் இறங்கினார். சத்தியத்தைக் கேட்டதும் முன்னால் இறங்கிப் போனவர்கள் அடிவாரத்தில் அதை அதற்குள் பரப்பிவிட்டார்கள். ஒரு பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எதிரே வந்தார்.

"ஏனுங்க, பேப்பர்க்காரர் நீங்கதானுங்களா? பாலத்துக்காவல் நெசந்தான்னு படியிலேயே சத்தியம் பண்ணிட்டீங்களாமா? எம் பேரனும் ஒத்தக்கால்ல நிக்கறானுங்க. நாளைக்கே கூட்டிட்டுப் போயிரலாமுங்களா?"

பெரியவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். பூக்கடை நிழலில் சிவப்புத் தலைப்பாகையோடு ஒரு போலீஸ்காரர் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். அர்த்தநாரிக்குச் சின்னண்ணனின் முகமும் அச்சகத்துக் கதவும் ஞாபகம் வந்தன.

"அனுப்பாதீங்க" என்றார்.

"என்னுங்க?"

"பாலமும் இல்லே, அணையும் இல்லே. பர்மாச் சண்டைக்குக் கொண்டு போறாங்க. கர்னலே எங்கிட்டச் சொன்னாரு."

போலீஸ்காரர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பினார். அர்த்தநாரி அவரைப் பார்த்தார். பிறகு, முன்னால் போய்க்கொண்டிருந்த தாய்க்கும் மகனுக்கும் எட்டட்டும் என்று, அதையே இன்னும் உரக்கச் சொன்னார்.

பாவாயி திரும்பிப் பார்க்கவில்லை.