உடைத்துக் கட்டிய கடல்பாசி

கொரியாக்காரி உன்ஜோங்கின் வயிற்றில் 2003ஆம் வருஷம் உண்டான பிள்ளை 2009 முடியும்போதும் வயிற்றிலேயே இருந்தது. இடையில் தக்காளிப் பெட்டியின் விலை இரண்டு மடங்கானது, வெங்காயம் ஏறி இறங்கியது, வார விடுமுறை வியாழன் வெள்ளியிலிருந்து வெள்ளி சனிக்கு மாறியது, அல் ஐன் சனையாவில், அந்தப் பட்டறைப் பேட்டையில், கராஜ் வைத்திருந்தவர்கள் பாதிப் பேர் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளை மட்டும் வந்தபாடில்லை. இதைச் சொன்னால் அபுதாபியில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆகஸ்டு மாத வெயிலில் அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவள் மாடிப்படி ஏறியதைப் பார்த்தவர்கள் யாரும் சிரித்ததில்லை.

அவள் புருஷன் பாக், பாலைவனத்தில் தண்ணீர்க் குழாய் பதிக்க வந்த ஒரு கொரியக் கம்பெனியில் என்ஜினியர். விடியுமுன் சைட்டுக்குப் போனால் இருட்டிய பிறகு வருவார். நாக்கு என்று ஒன்று இருப்பதே அந்த மனிதருக்குத் தெரியாது. ஃபிலிப்பைன்காரர்களின் மெஸ்ஸில் எதைப் போட்டாலும் தின்றுவிட்டுத் தூங்கிவிடுவார். உன்ஜோங் அப்படியில்லை. கௌஸ் முகம்மதுவின் பகாலா என்கிற மளிகைக் கடைக்கு மேலே இருந்த வீட்டில் குடிவந்த முதல் வாரமே, டாக்சி பிடித்து ஊரிலுள்ள கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினாள். பாட்டில்களைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள், மூடியை மோந்தாள், எழுதியிருப்பதை வாசிக்க முடியாமல் திரும்ப வைத்தாள். மிளகாய் விழுது கேட்டால் தக்காளி சாஸ் கொடுத்தார்கள். புளித்த சோயாவிழுது கேட்டால் புளியைக் கொடுத்தார்கள். சீனாக் கோஸ் என்று ஒன்று கிடைத்தது. அதை வாங்கி, குண்டூர் மிளகாய்ப் பொடியைப் போட்டு ஊறவைத்து, மூன்றாம் நாள் வாயில் வைத்தவள் அப்படியே குந்தி அழுதாள். அவள் ஊர் மிளகாய் சிவக்குமே தவிர இப்படிக் கொளுத்தாதாம்.

அந்த அழுகையைக் கேட்டுத்தான் எதிர்வீட்டு அஸ்மத் பீவி கதவைத் தட்டினார். கௌஸ் முகம்மதுவின் மனைவி, கீழக்கரைக்காரர், அழுகிறவர்களைப் பார்த்தால் முதலில் சோறு போட்டுவிட்டு அப்புறம் காரணம் கேட்கிறவர். அன்றைக்கு மாசிக் கருவாடு இடித்துச் சம்பல் வைத்திருந்தார். அந்த வாடையில் உன்ஜோங்கின் அழுகை நின்றது. அவள் ஊர்க் குழம்புகளுக்கு அடியில் கிடக்கிற வாடை கிட்டத்தட்ட இதுதான் என்று கையைக் காட்டிச் சொன்னாள், தட்டைத் துடைத்துத் தின்றாள். அன்றிலிருந்து அவளுக்கு அஸ்மத் பீவி அக்காள் முறைக்கு லாத்தா, கௌஸ் முகம்மது அண்ணன் முறைக்குக் காக்கா. ஒரு வருஷத்துக்குள் கீழக்கரைத் தமிழ் பேசினாள். பகாலா வாசலில் அவள் "ஆணம் ஆக்கியாச்சா லாத்தா?" என்று குழம்பைக் கேட்டு மேலே பார்த்துக் கூவினால், புதிதாக வந்த ஆட்கள் கையிலிருந்த சாயாவைக் கொட்டிக்கொள்வார்கள்.

பிள்ளை உண்டானதும் அவளுக்கு ஒரே ஒரு பொருள்தான் தேவைப்பட்டது. பிரசவமானவுடன் அவர்கள் ஊரில் தாய்க்குக் கடல்பாசி போட்ட கஞ்சித்தண்ணி மாதிரி ஒரு சூப்புக் கொடுப்பார்கள். வேறு எது இல்லாவிட்டாலும் அது இருந்தாக வேண்டும். பிள்ளை இறங்குவதற்கு முன்பே பாசி வீட்டுக்குள் வந்து காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பிள்ளை வராது என்றாள். இதைக் கேட்ட அஸ்மத் பீவி, "இம்புட்டுத்தானா? கடல்பாசி நம்ம வீட்ல இல்லாத நோம்பு ஏது!" என்று வெள்ளை நூல்பாசியைக் காய்ச்சி, பாலும் சீனியும் ரோஸ் கலரும் சேர்த்து, தட்டில் ஊற்றி உறைய வைத்து, டைமண்ட் டைமண்டாக வெட்டிக் கொடுத்தார். உன்ஜோங் மரியாதைக்கு ஆறு துண்டு தின்றாள். பிறகு, அது கறுப்பாக இருக்கும், அகலமாக இருக்கும், உப்பாக இருக்கும் என்று மெதுவாக எடுத்துச் சொன்னாள்.

நாள் ஆனது, தேதி தாண்டியது, பிள்ளை வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், வலி வந்து போனது. வயிற்றைக் கீறி எடுக்கலாம் என்று கத்தியை வைத்தார்கள். தோலில் கோடு விழவில்லை. டாக்டர் கத்தியை மாற்றினார், பிறகு தியேட்டரை மாற்றினார், கடைசியில் லீவில் போய்விட்டார். அதன்பின் ஒப்பந்தம் முடிந்து ஒவ்வொரு டாக்டராக மாற, புதிதாக வந்தவர் புது ஃபைல் போட்டு, இரும்புச்சத்து மாத்திரை எழுதி, பொறுத்திருக்கச் சொல்லி அனுப்பினார். உள்ளே பிள்ளை நன்றாக இருந்தது. ஸ்கேனில் கொட்டாவி விட்டது.

அந்தச் சமயத்தில்தான் பாக்கின் கம்பெனியில் வேன் ஓட்டிய முதுகுளத்தூர் பன்னீர்செல்வம் அதைக் கண்டுபிடித்தான். துபாய் அல் கூஸில், துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் ஏற்றுகிற ஒரு குடோனில், கொரியக் கப்பல் ஒன்று எடுக்காமல் விட்டுப்போன பாசிக் கட்டு கிடந்தது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கம்மி, மொடமொடவென்று காய்ந்து, வைக்கோல் கயிற்றால் கட்டியிருந்தது. எப்போதும் பறக்கிற பன்னீர்செல்வம் அன்றைக்கு அதை முன்சீட்டில் சாய்த்து பெல்ட் போட்டு, லாரிகளெல்லாம் முந்திக்கொண்டு போக, துபாயிலிருந்து அல் ஐன் வரைக்கும் ஊர்ந்துகொண்டே வந்தான். உன்ஜோங் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்ததால் கடையில் கொடுத்துவிட்டு, "அண்ணே, பத்தரம்ணே. அந்தம்மா கையிலதான் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கௌஸ் முகம்மது பத்திரமாகத்தான் வைத்தார். அவருக்குத் தெரிந்த பத்திரம் ஒன்றுதான். கடைக்கு எந்த மூட்டை வந்தாலும் அன்றைக்கே பிரித்து, சீரகமோ கடலையோ காய்ந்த மிளகாயோ, கால் கிலோவும் அதற்குக் குறைவுமாகக் கவரில் போட்டு, ஸ்டேப்ளர் அடித்து, கம்பியில் வரிசையாகத் தொங்கவிட வேண்டும். சனையாவில் ரூமில் ஆக்கித் தின்கிறவர்கள் அப்படித்தான் வாங்குவார்கள். பகாலாக்காரர் எல்லோருக்கும் இது கையோடு ஊறிய வேலை. பிரிக்காத மூட்டை கண்ணில் பட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அதுவும் நம் வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சி, தினம் ஒரு கவரைப் பிரித்துப் போட்டுக்கொள்ளச் சுலபமாக இருக்கட்டும் என்று ஆசை ஆசையாக உட்கார்ந்து, கயிற்றை அறுத்து, பாசியைச் சின்னச் சின்னத் துண்டாக ஒடித்து, ஒரே எடையில் கவர் கவராகக் கட்டினார். தூளைக்கூட வீணாக்கவில்லை. அதற்கும் ஒரு கவர் போட்டார்.

பிள்ளைக்கென்று வாங்குகிற பாசியை உடைக்கவும் கூடாது, மடிக்கவும் கூடாது. கொரியாவில் விற்கிறவர்கள் அதை முழுசாக, நீட்டுவாக்கில், பச்சைப்பிள்ளையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக் கொடுப்பார்கள். கல்யாண வீட்டில் தாலிக்கயிற்றை இரண்டாக நறுக்கிவிடாதே என்று யாரும் சொல்லிவைப்பதில்லை. அதுபோல உன்ஜோங்கும் இதைச் சொல்லிவைக்கவில்லை. தட்டு நிறையக் கவர்களை அடுக்கி, மேலே ஏறி வந்து, சிரித்தபடி நீட்டிய கௌஸ் முகம்மதுவை அவள் பார்த்தாள். திட்டவில்லை. ஒரு கவரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒடைக்கக் கூடாது காக்கா" என்றாள். "இது பிள்ளை வர்ற வழி."

"தெரியாமப் போச்சேம்மா. வேற வாங்கிருவோம். எங்க கெடந்தாலும் கொண்டாந்துருவேன்."

"ஒரு பிள்ளைக்கு ஒண்ணுதான்."

அவர் விடவில்லை. மூன்று மாதம் கழித்து வேறொரு கட்டு முழுசாகவே கிடைத்தது. துணியில் சுற்றி, மடியில் கிடத்திக் கொண்டுவந்தார். சமைத்துக் குடித்தாள், பிள்ளை அசையக்கூட இல்லை. ஊருக்கே போய்விடலாம், தாய் பிறந்த மண்ணில் இறங்காத பிள்ளையா என்று பாக் டிக்கெட் போட்டார். கவுண்டரில் வயிற்றைப் பார்த்துவிட்டு, எட்டு மாதம் தாண்டியவர்களை ஏற்ற முடியாது என்றார்கள். எத்தனை மாதம் தாண்டியிருக்கிறது என்பதை அவர்களிடம் சொல்ல முடியவில்லை. பிரசவமானபின் வாருங்கள் என்று அன்பாகத்தான் சொன்னார்கள். அன்றைக்கு அஸ்மத் பீவி புருஷனைப் பார்த்து, "ஒரு மூட்டையப் பிரிக்காம வைக்க முடியலையே உங்களால" என்று சொன்னார். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியம் அந்த வீட்டில் கடைசிவரைக்கும் இருந்தது; கௌஸ் முகம்மது சாப்பிட உட்காரும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்தது.

செய்த பிழைக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று அவர் பகாலாவின் ஒரு தட்டைக் காலி செய்து கொரியச் சாமான் வாங்கி வைக்க ஆரம்பித்தார். அல் கூஸிலிருந்து மிளகாய் விழுது வந்தது, சோயாவிழுது வந்தது, எள்ளெண்ணெய் வந்தது, 2007இல் அவள் கோஸில் ஊறவைத்துப் பார்த்துத் தோற்ற கிம்சியே ஜாடியில் வந்தது. வங்காளிகள் மிளகாய் விழுதை ஜாம் என்று வாங்கி ரொட்டியில் தடவித் தின்றுவிட்டுச் சண்டைக்கு வந்தார்கள். உன்ஜோங் நான்கு வருஷம் கழித்து முதல்முறையாகத் தன் ஊர்க் கிம்சியை, கடையில் நின்றபடியே, ஜாடியிலிருந்து விரலால் எடுத்து வாயில் வைத்தாள். முகம் மலர்ந்தது. அதே நேரத்தில் வயிற்றுக்குள் பிள்ளை வீறிட்டு அழுதது. ரீசார்ஜ் கார்டு வாங்க வந்த பட்டாணியர்கூட அதைக் கேட்டார். அவள் துப்பிய பிறகும் அழுகை நிற்கவில்லை. அஸ்மத் பீவி ஓடிப்போய் மாசிச் சம்பலும் சோறும் கொண்டுவந்து ஊட்டினார். பிள்ளை விக்கி விக்கி அடங்கி, தூங்கிப்போனது.

அவள் பலமுறை பார்த்தாள். சோயாவிழுதுக்கும் அழுதது, எள்ளெண்ணெய்க்கும் அழுதது. நான்கு வருஷமாக அந்தப் பிள்ளை தின்றது அஸ்மத் பீவியின் மீனாணமும் நோன்புக்கஞ்சியும்தான். அதற்குத் தெரிந்த ஊர் அதுதான். தாய்க்குத் தன் சாப்பாடு கிடைத்தபோது அது பிள்ளைக்கு அந்நியச் சாப்பாடாகிவிட்டது. அன்றைக்கு ராத்திரி உன்ஜோங் லாத்தாவின் மடியில் தலையை வைத்து, "எம் பிள்ளை எங்க ஊருக்கு வந்தா பட்டினி கெடக்கும் லாத்தா" என்றாள். அஸ்மத் பீவி அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

2009இல் குழாய் வேலை நின்றது. கம்பெனி கேம்பைக் காலி செய்தது, பாக்கின் விசா கேன்சல் ஆனது. அவர் முதலில் போய் ஏற்பாடு செய்துவிட்டு அழைத்துக்கொள்வதாகச் சொன்னார், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார், போனார். மாதாமாதம் போன் வந்தது. பிறகு பெருநாளைக்குப் பெருநாள் வந்தது. பிறகு நம்பர் மாறிவிட்டது. கௌஸ் முகம்மது தன் கஃபிலிடம், கடைக்குப் பொறுப்பான அரபியிடம், பேசி, உன்ஜோங்குக்குக் கடையின் பெயரில் விசா அடித்தார். கஃபில் வயிற்றைப் பார்த்தார், மாஷா அல்லாஹ் என்றார், கையெழுத்துப் போட்டார்.

இப்போது பகாலாவில் பாதி கொரியச் சாமான்தான். உன்ஜோங் கல்லாவில் உட்கார்கிறாள். வயிறு இடிக்கிறதென்று மேசையை வளைவாக அறுத்துக் கொடுத்திருக்கிறார்கள். எதை எப்படிச் சமைப்பது, எந்த விழுது எந்த மாதம் புளிக்கும் என்று வருகிறவர்களுக்குச் சொல்கிறாள். ஒன்றையும் தொட்டு நாக்கில் வைப்பதில்லை. கர்ப்பிணிகள் வந்தால் பாசிக் கட்டை எடுத்துக் கொடுப்பது கௌஸ் முகம்மதுவின் வேலை. மடிக்காமல், உடைக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் ஏந்திக் கொடுப்பார். அந்தப் பிள்ளைகள் எல்லாம் சொன்ன நாளில் பிறந்து, அந்தக் கடை வாசலிலேயே ஓடி விளையாடுகின்றன.

போன வாரம் புதிதாக ஒரு கொரியப் பெண் வந்தாள். இந்த ஊருக்கு வந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. டாக்சிக்காரன் கைகாட்டி இறக்கிவிட்டுப் போயிருக்கிறான். மிளகாய் விழுது டப்பாவைப் பார்த்ததும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். உன்ஜோங் எழுந்து போய் அவள் கண்ணைத் துடைத்து, ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தாள். அழுது முடித்த பெண் அப்போதுதான் வயிற்றைக் கவனித்தாள். சிரித்து, கையை நீட்டி, எப்போது பிரசவம் என்று கேட்டாள்.

"அடுத்த மாசம்" என்றாள் உன்ஜோங்.

அந்தப் பெண் வாழ்த்திவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள். நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள். பிள்ளைக்குப் பசித்தது, உன்ஜோங் கல்லாவைப் பூட்டிக்கொண்டு மாடிக்குச் சாப்பிடப் போனாள்.