வந்த வழியே திரும்பிய படகு

என்னுடைய மனுசன் குணநாயகம் இருபது வருடத்துக்கு மேலாக ட்ரக் ஓட்டியவர். பிறம்ரனில் சாமான் ஏற்றினால் வின்னிபெக், கல்கரி, சில வேளை டெக்சாஸ் வரைக்கும் போய்த்தான் இறக்குவார். அப்படி விரட்டி விரட்டி ஓடின மனுசன், புற்றுநோய் வந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபிறகு, போனில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிலாந்துக் கால்வாய்களில் கிழவனும் கிழவியுமாக ஒரு ஒடுங்கின நீளப் படகில் ஏறி ஆடி அசைந்து போவார்கள். கரையில் நாயோடு நடக்கிறவன் அவர்களை முந்திப் போவான். மணிக்கணக்காக அதுதான் படம். இதைப் பார்க்கவா கண் முழிக்கிறீர்கள் என்று நான் ஏசினால், உடம்பு சுகமானதும் முதல் வேலை இந்தப் படகில் ஒரு கிழமை போவதுதான் என்பார். உடம்பு சுகமாகவில்லை. போன மார்கழியில் செத்துப்போனார்.

அஸ்தியை அவருடைய தம்பிமார் வாங்கி, வாடகைப் படகு பிடித்து, ஒன்ராறியோ ஏரியில் கரைத்தார்கள். எல்லாம் முறைப்படி முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். மூன்று மாதம் கழித்து மகளின் உடுப்பு அலுமாரியைத் திறந்தபோது, சுவெற்றர்களுக்குப் பின்னால் ஒரு ஊறுகாய்ப் போத்தில் இருந்தது. பாதிக்குச் சாம்பல்.

மகள் பெயர் அட்சயா. இங்கே பிறந்தவள், மிசிசாகாவில் ஒரு கொம்பனியில் கணக்குப் பார்க்கிறாள். தகப்பன் செல்லம் என்றால் அப்படி ஒரு செல்லம். அவர் செத்தபோது அவள் அழவில்லை. கெட்டிக்காரி, தாங்கிக்கொண்டாள் என்று சனம் சொன்னது. நானும் நம்பினேன். பிறகு அவள் வேலைக்குப் போவதை விட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கினாள். உள்ளே கதைக்கிற சத்தம் கேட்கும். யாரோ சிநேகிதி என்று நினைத்தேன். ஒருநாள் குசினியில் சட்டி பானை தட்டுப்பட்டு விழ, அவள் கதவைத் திறந்து வாயில் விரலை வைத்தாள். "மெல்ல அம்மா, அப்பா நித்திரை" என்றாள். அப்போதுதான் நான் அலுமாரியைத் திறந்து பார்த்தது.

ஏரிக்குக் கொண்டுபோக முதலே அவள் அஸ்தியில் கொஞ்சத்தைக் களவாக அள்ளி வைத்திருக்கிறாள். டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில், நாலு சுவருக்குள், செத்தவரைப் போத்திலில் வைத்துக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறோம். அவரைப் பற்றி எனக்குப் பயமில்லை, பிள்ளையைப் பற்றித்தான் பயம். போனவர் போகாமல் இருந்தால் இருப்பவளும் போய்விடுவாள் என்று என் மனம் அடித்துக்கொண்டது. எப்படியாவது அந்தச் சாம்பலைக் கரைத்து என் பிள்ளையை மீட்க வேண்டும். வேறொன்றும் எனக்கு அப்போது வேண்டியிருக்கவில்லை.

சண்டை பிடித்தேன், கெஞ்சினேன். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். அப்பா ஆசைப்பட்ட அந்தக் கால்வாயில், அப்பா ஆசைப்பட்ட படகில் போய்க் கரைப்போம் என்றாள். நான் யோசிக்கவேயில்லை. ஏர்போட்டில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற என் வேலையில் லீவு எடுத்தேன். அவருடைய தமக்கை இராஜேஸ்வரி மச்சாளுக்குப் போன் எடுத்து முறை கேட்டேன். ஆம்பிளை இல்லாமல் நீங்கள் இரண்டு பேரும் என்னத்தைச் செய்யப்போகிறீர்கள் என்று முதலில் புறுபுறுத்தாலும், பிறகு விபரமாகச் சொன்னார். ஓடுகிற தண்ணீராக இருக்க வேண்டும். பூவோடு விட வேண்டும். விட்டதும் வந்துவிட வேண்டும்.

"விட்டாப்பிறகு ஒருத்தரும் திரும்பிப் பாக்கப்படாது" என்றார் மச்சாள். "பின்னாலை ஆர் கூப்பிட்டாலும் பாக்கப்படாது. பாத்தா, கூப்பிட்டவை கூட வருவினம், இல்லாட்டி பாத்தவை போகவேண்டிவரும்."

ஆனி மாதம் போனோம். லண்டனில் இறங்கி, கடையில் செவ்வந்தி வாங்கி, ரயில் பிடித்துப் படகுத் துறைக்கு வந்து சேர்ந்தோம். படகு பஸ்ஸைவிட நீளம், ஆனால் உள்ளே ஒரு கட்டிலும் அதைக் கடந்து போக ஒடுக்கமான ஒரு நடைவழியும்தான் அகலம். பின்பக்கத்தில் நின்று சுக்கானைப் பிடிக்க வேண்டும். அதை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகும், அவ்வளவு வில்லங்கம். துறையில் இருந்த றொபேட் என்ற வெள்ளைக்காரர் வரைபடத்தை விரித்து அட்சயாவுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். நான் உள்ளே அடுப்பு எரிகிறதா, அரிசிப் பானை அதில் நிற்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வரைபடத்தை நானும் ஒருதரம் எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

முதல் இரண்டு நாளும் நல்லாய்த்தான் போனது. கால்வாய் மேட்டில் ஏறுகிற இடங்களில் லொக் என்று பெரிய கதவுகள் போட்ட தொட்டிகள் இருக்கும். படகை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தித் தண்ணீரை நிரப்பினால் படகு மேலே வரும். அட்சயா படகைப் பிடிக்க, நான் கரையில் இறங்கி முதுகால் கதவைத் தள்ளினேன். பிள்ளை சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பசிக்குது என்று கேட்டுச் சாப்பிட்டாள். அந்த மனுசன் ஆசைப்பட்டதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை ஒரு மலைக்குக் கீழே நீளமான சுரங்கத்துக்குள்ளால் போனோம். அந்தப் பக்கம் வெளியே வந்ததும் மரங்கள் மூடின ஒரு அகலமான இடம். காற்றில்லை, குருவியில்லை. இதுதான் இடம் என்றாள் அட்சயா. எஞ்சினை நிறுத்தினோம். நான் தேவாரம் ஒன்று சொன்னேன், அவள் போத்திலைக் கவிழ்த்தாள். செவ்வந்தியைத் தூவினோம். அவளுடைய தோளைப் பிடித்து முன்னுக்குத் திருப்பி, இனிப் பார்க்காதே, படகை எடு என்றேன். அவள் ஒரு மறுப்பும் சொல்லாமல் எடுத்தாள். அவ்வளவு இலேசாக விட்டுக்கொடுத்தாளே என்று நான் சந்தோஷப்பட்டேன், விசரி.

அடுத்த நாள் மத்தியானம் கால்வாய் முடிந்தது. ஒரு குளம்போல அகன்று, சுற்றிவரக் கல் கட்டி, அதற்கு அங்கால் மாடு மேய்கிற வெளி. இனி எந்தப் பக்கத்தால் துறைக்குப் போவது என்று கேட்டேன். அட்சயா படகைத் திருப்புவதிலேயே கண்ணாக இருந்தாள்.

"வேற வழி இல்லை அம்மா. இட்ஸ் எ டெட் எண்ட். வந்த வழியாலைதான் திரும்பிப் போகலாம்."

உனக்கு முதலே தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். பார்த்துப் பார்த்துத்தான் இந்தக் கால்வாயைத் தெரிந்தெடுத்தாளாம். "கால்வாய்த் தண்ணி ஓடாது. ஏரியிலை விட்டால் அப்பா எங்கையோ போயிடுவார். இஞ்சை விட்டால் விட்ட இடத்திலைதான் இருப்பார். நான் ஒவ்வொரு வருசமும் வந்து பாப்பன்" என்றாள். குரலில் கள்ளமேயில்லை. நான் அவரை அனுப்பி வைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்க, அவள் அவருக்கு ஒரு வீடு பார்த்துக் கொடுத்திருக்கிறாள். வாயில் வந்தபடி ஏசினேன். ஏசி என்ன பயன், படகு ஏற்கெனவே திரும்பிவிட்டது.

மரங்கள் மூடின இடத்துக்கு மறுநாள் வந்தோம். பூக்கள் விட்ட இடத்திலேயே கிடந்தன. ஒன்றுகூட வாடவில்லை, கரைக்கு ஒதுங்கவுமில்லை. அவற்றைச் சுற்றிச் சாம்பல் மெல்லிய ஆடையாக மிதந்தது. சாம்பல் இத்தனை நேரத்துக்குள் தாழ்ந்திருக்க வேண்டும். அட்சயா "அப்பா" என்றாள், ஸ்கூல் வாசலில் அவருடைய காரைக் கண்டால் சொல்வதுபோல. நான் அவளுடைய கன்னத்தைப் பிடித்து முன்னுக்குத் திருப்பினேன். போ, நிற்காதே என்றேன்.

போனோம். கொஞ்சத் தூரத்தில், கடைக்கண்ணால், மஞ்சளாக ஒன்று படகின் பக்கத்தில் தெரிந்தது. பூக்கள் கூடவே வந்தன. படகு போகும்போது தண்ணீரை இழுக்கும், அதோடு இழுபட்டு வருகின்றன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அட்சயா வேகத்தைக் குறைத்தாள், அவையும் குறைந்தன. முன்னால் ஒரு வாத்துக் கூட்டத்துக்காக நிறுத்தினாள், அவை எங்களை முந்திப் போகாமல் பின்பக்கத்தோடு ஒட்டி நின்றன. பிறகுதான் இன்னொன்றைக் கவனித்தேன். படகு சரிந்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் சுக்கானுக்கு இடப்பக்கம் நின்றோம். படகு வலப்பக்கம் தாழ்ந்து கிடந்தது.

குணநாயகம் பாரமான மனுசன். நோய் வரமுதல் அவர் ஏறினால் எங்களுடைய கார் அந்தப் பக்கம் இறங்கும்.

"அம்மா, போட் ஒரு பக்கம் சாயுது" என்றாள் அட்சயா. அவளுடைய முகத்தில் சந்தோஷம் இருந்தது. தண்ணீர்த் தாங்கி ஒரு பக்கம் குறைந்திருக்கும் என்றேன். அவள் என்னைப் பார்த்து, பாவம் அம்மா என்பதுபோலத் தலையை ஆட்டினாள். பிறகு தான் நின்ற இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, வலப்பக்கத்துக்கு இன்னும் இடம் விட்டு நின்றாள்.

முன்னால் சுரங்கத்தின் வாய் தெரிந்தது. அதற்குள் போகாமல் துறைக்குப் போக முடியாது. நான் அவளுக்குப் பின்னால் போய், இரண்டு கையாலும் அவளுடைய பிடரியைப் பிடித்துக்கொண்டேன். உள்ளுக்குள் என்ன நடந்தாலும் உன்னுடைய தலை திரும்பக்கூடாது, திரும்பினால் நான் இந்தத் தண்ணீருக்குள் குதிப்பேன் என்றேன். வெருட்டவில்லை, உண்மையாகவே சொன்னேன். அது அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். சுக்கானை நேராகப் பிடித்தாள்.

உள்ளே இருட்டு. படகின் முன் விளக்கில் ஈரச் செங்கல் மட்டும் தெரிந்தது. மேலேயிருந்து தண்ணீர் சொட்டியது. எஞ்சின் சத்தம் சுவரில் மோதி எல்லாப் பக்கத்தாலும் வந்தது. மறு அந்தத்தில் ஊசித்துவாரம் மாதிரி ஒரு வெளிச்சம். அது பெருக்கவேயில்லை. எஞ்சின் மூச்சு வாங்கியது, யாரோ பின்னால் கயிறு போட்டு இழுத்துப் பிடித்ததுபோல. நடுச் சுரங்கத்தில் அந்தச் சத்தம் முழுக்க அடங்கிப்போனது. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, காலுக்குக் கீழே அதிர்வு இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

"இஞ்சேரும்."

என் முதுகுக்குப் பின்னால், ஒரு கை எட்டுகிற தூரத்தில். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, இப்படித்தான் கூப்பிடுவார். கலியாணம் கட்டின நாளிலிருந்து இந்தச் சொல்லுக்கு நான் திரும்பாமல் விட்டதில்லை. அடுப்பில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தாலும் திரும்பியிருக்கிறேன். இப்போதும் கழுத்து தானாகவே திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளையின் பிடரியைப் பார்த்தேன்.

"இஞ்சேரும். குளிருது."

அந்தக் குரலில் ஆஸ்பத்திரியில் கேட்ட களைப்பு இல்லை. வேலை முடிந்து வந்து கோட்டைக் கழற்றுகிறபோது கேட்கிற குரல். அழுகை வந்தது. சத்தம் வரக்கூடாது என்று உதட்டைக் கடித்தேன், இரத்தம் உப்புக் கரித்தது. என் பிடரி மயிரில் குளிர்ந்த மூச்சுப் பட்டது.

"என்னை உதுக்குள்ளை விட்டிட்டே போறீர்?"

ஓம் என்று சொன்னேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, மனதுக்குள் சொன்னேன். ஓம், விட்டிட்டுத்தான் போறன், எனக்கு இந்தப் பிள்ளை வேணும், நீங்கள் போங்கோ. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சத்தம் திரும்ப வந்தது. வெளிச்சம் பெருத்துப் பெருத்து, வெயிலுக்குள் வந்து விழுந்தோம். படகு நிமிர்ந்து நின்றது. பக்கத்தில் ஒரு பூவும் இல்லை. அட்சயாவின் கழுத்தில் என்னுடைய விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

மிச்சப் பயணம் முழுக்க அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. துறையில் றொபேட் பயணம் எப்படி என்று விசாரித்தபோது நான்தான் நல்லது என்றேன். விமானத்திலும் யன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டு இருந்தாள். பியர்சன் ஏர்போட்டில் இறங்கி, காரை எடுத்துக்கொண்டு நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ஏறினோம், அட்சயாதான் ஓட்டினாள். வழக்கம்போல நெரிசல். இருந்தாற்போல, றோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அந்த ரனல் இருட்டுக்குள்ளை அப்பா கூப்பிட்டவர் எல்லோ?"

எனக்கு மட்டும்தான் கேட்டது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"எனக்கும் கேட்டது அம்மா. மூண்டு தரமும் உங்களைத்தான் கூப்பிட்டவர். நான் பாத்துக்கொண்டே இருந்தனான், இப்ப கூப்பிடுவார், இப்ப கூப்பிடுவார் எண்டு. என்னை ஒருக்காலும் கூப்பிடேல்லை. நான்தானே அவரை வைச்சிருந்தனான். நான்தானே திரும்பிப் போனனான். ஏன் என்னைக் கூப்பிடேல்லை?"

முன்னால் நின்ற வாகனங்கள் நகரத் தொடங்கின. பின்னால் ஒருத்தன் ஹோர்ண் அடித்தான். அவளுக்கு அது கேட்கவில்லை.

"கூப்பிட்டிருந்தா நீ திரும்பியிருப்பாய் பிள்ளை" என்றேன். "அது அவருக்குத் தெரியும்."

அட்சயா கார்ச் சுக்கானில் தலையைக் கவிழ்த்தாள். தகப்பன் செத்தபிறகு அன்றைக்குத்தான் அவள் அழுதாள். சனம் எங்களைச் சுற்றி ஹோர்ண் அடித்துக்கொண்டு போக, நான் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டு, அழு பிள்ளை, நல்லாய் அழு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.