நானூற்றுப் பன்னிரண்டாவது அடி

திருச்செங்கோட்டுப் பக்கம் பூமிக்குள் எந்த ஆழத்தில் தண்ணீர் ஓடுகிறது என்பதுதான் கல்லூரி ஆசிரியை மலர்விழியின் ஆராய்ச்சி. கையில் மூன்று கட்டுரைகள் இருந்தன. மூன்றும் ஒரே ஆழத்தைச் சொன்னதில் முதலில் நிம்மதியடைந்தாள். அடிக்குறிப்புகளைத் துருவியபோதுதான் தெரிந்தது, பின்னவை இரண்டும் முதலாவதைப் பார்த்து எழுதியவை. முதலாவதிலோ எந்த ஊரில், எப்போது அளந்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடும் சரவணமுத்துவைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தேடிப்போனாள். இருபத்திரண்டு வருடமாகத் தான் போட்ட ஒவ்வொரு போரையும் அவர் எழுதி வைத்திருந்தார். கிரீஸ் கறை படிந்த ஒன்பது நோட்டுகள். ஊர், தேதி, எத்தனையாவது அடியில் கல்லின் நிறம் மாறியது, எங்கே தண்ணீர் தட்டியது.

"தண்ணி வராததையும் எதுக்குங்க எழுதியிருக்கீங்க?"

"அதையும் எழுதுனாத்தானுங்க மேடம், பக்கத்துக் காட்டுல போடறப்ப ஒரு ரோசனை கெடைக்கும்."

பதில் பிடித்திருந்தது. ஆனால் பிடித்துப்போனதற்காக நம்பிவிட முடியாதே. "இதைச் சோதிச்சுப் பாக்கலாமுங்களா?" என்று தயங்கிக் கேட்டாள்.

"பாக்கோணுமுங்க. நானும் உள்ள என்ன இருக்குதுன்னு கண்ணுல பாத்ததில்லீங்க."

மோட்டார் கழற்றிய பழைய போர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். 'வெள்ளைக்கல், பிறகு கருங்கல். 412-ல் வெடிப்பு, நல்ல தண்ணீர்' என்றது நோட்டு. விளக்கு வைத்த கேமரா கம்பியில் இறங்கியது. முன்னூற்றெண்பதில் தண்ணீருக்குள் மூழ்கியது. வெள்ளைப் பாறை கறுத்தது. நானூற்றுப் பன்னிரண்டில் பாறை விரலகலத்துக்குப் பிளந்திருந்தது. அந்தப் பிளவுக்குள்ளிருந்து மணல் துகள்கள் மினுமினுத்தபடி மிதந்து வந்தன. வெயிலே படாத இடத்தில், யாரும் பாராமல், தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

மேலே, கேமராவின் திரையைப் பார்த்தபடி மலர்விழி ஆழத்தைக் குறித்துக்கொண்டாள். சரவணமுத்து திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"இதுக்குத்தானுங்களா இத்தன வருசமா பூமியக் கொடஞ்சேன்..." என்றார்.

அந்த மாதமே இன்னும் பத்துப் போர்களைப் பார்த்தார்கள். எட்டு நோட்டோடு அப்படியே பொருந்தின. இரண்டில் இருபதடி பிசகியது. துளையிட ஒன்றன்பின் ஒன்றாக இறக்கும் இரும்பு ராடு ஒன்றின் நீளம்; ராடுகளை எண்ணித்தான் ஆழத்தைக் கணக்கிடுவார்கள். அவள் நோட்டைப் புரட்டினாள். அந்த இரண்டு வரிகளுக்கு எதிரே மட்டும் சின்னதாக எழுதியிருந்தது: 'ராடு எண்ணியதில் சந்தேகம்.'

தன் ஆராய்ச்சியின் வரைவை எடுத்தாள். அதன் ஆதாரப் பட்டியலில் இருந்த மூன்று கட்டுரைகளையும் அடித்துவிட்டு, அவர் பெயரை முழுதாக எழுதினாள்.